தாத்தா பெட்டியில் ஒரு பைனாகுலர்: வாசகர் கேள்வி பதில்

பழைய பைனாகுலர்களைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதப் போக, கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் கேட்டிருப்பது "இது என்ன விலை போகும்?" என்றுதான். அதை ஓரமாக வைத்துவிட்டு, வாங்கியதை வைத்துப் பறவை பார்க்க நினைக்கிறவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, என் தாத்தா பட்டாளத்தில் இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் தோல் உறையோடு ஒரு பைனாகுலர் கிடைத்தது. 'பினோ பிரிசம் நம்பர் 2 மார்க் 3', '6×30', '1943' என்று பொறித்திருக்கிறது, கூடவே கோழிக்கால் மாதிரி ஒரு குறி. இதை வைத்து வேடந்தாங்கலில் பறவை பார்க்கலாமா? (வாசகர், செங்கல்பட்டு)

பதில்: அந்தக் கோழிக்கால் உண்மையில் ஒரு அம்புக்குறி, பிரிட்டிஷ் ராணுவச் சொத்து என்பதற்கான முத்திரை. அம்பைச் சுற்றி ஆங்கில 'சி' எழுத்து இருந்தால் கனடா ராணுவத்துடையது. போர்க்காலத்தில் டொராண்டோ பக்கம் ரிசர்ச் என்டர்பிரைசஸ் லிமிடெட் என்ற அரசு நிறுவனம் நிறையச் செய்தது, அவற்றில் 'ஆர்.இ.எல். கனடா' என்று இருக்கும். இங்கிலாந்தில் கெர்ஷா, டெய்லர்-ஹாப்சன் போன்றவர்கள் செய்தார்கள். பெயர் எங்கேயாவது சின்னதாக இருக்கும், பெயின்ட்டைச் சுரண்டாமல் தேடுங்கள்.

பறவைக்கு? '6×30'இல் 6 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 30 என்பது முன் லென்ஸின் அகலம் மில்லிமீட்டரில். 30ஐ 6ஆல் வகுத்தால் 5. அதாவது 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒளி உங்கள் கண்ணுக்கு வருகிறது, அதிகாலைக்கு அது தாராளம். சிக்கல் ஃபோகஸில்தான். நடுவில் திருகு கிடையாது, இடது கண்ணுக்குத் தனியாக, வலது கண்ணுக்குத் தனியாகத் திருப்ப வேண்டும். தூரத்துக் குன்றைப் பார்க்கிற சிப்பாய்க்கு ஒரு தடவை வைத்துவிட்டால் போதும். வேலியில் தாவுகிற கதிர்க்குருவியைப் பார்க்கிறவர் இரண்டையும் திருப்பி முடிப்பதற்குள் குருவி பக்கத்து வேலிக்குப் போயிருக்கும். ஆனால் வேடந்தாங்கல் என்று கேட்டீர்களே, அங்கே இது சரிப்படும். ஏரிக்கரையில் நின்றுகொண்டு தண்ணீருக்குள் இருக்கிற மரங்களைப் பார்க்கிறோம், நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கக் குழாயில் மட்டும் அளவுகோல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், இந்த ரகத்தில் பலவற்றில் அது உண்டு. அதை எடுக்கிறேன் என்று யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: இணையத்தில் 'ராஸ் லண்டன் 1857, 10×50, ஒரிஜினல் ஆன்டிக்' என்று பளபளக்கும் பித்தளை பைனாகுலர் விற்கிறார்கள். மரப்பெட்டியும் தருகிறார்களாம். வாங்கலாமா? (வாசகி, கோவை)

பதில்: ஷோகேஸில் வைக்க என்றால் வாங்குங்கள். பார்ப்பதற்கு என்றால் வேண்டவே வேண்டாம். ராஸ் என்பது லண்டனில் நிஜமாகவே இருந்த நல்ல நிறுவனம், அதனால்தான் அதன் பெயரைப் போடுகிறார்கள். நம் நாட்டில் உத்தரகாண்டின் ரூர்க்கி பக்கம் சர்வே கருவிகளும் கப்பல் கருவிகளும் செய்கிற பட்டறைகள் நிறைய. பித்தளை திசைகாட்டி, டெலஸ்கோப், பைனாகுலர் எல்லாம் பழசு மாதிரியே அங்கே தயாராகி உலகம் முழுக்கப் போகிறது. அலங்காரப் பொருள் என்று சொல்லி விற்றால் அதில் தப்பே இல்லை, 'ஒரிஜினல்' என்கிறபோதுதான் வம்பு.

கண்டுபிடிக்க அந்த வருடமும் அந்த எண்ணுமே போதும். 1857இல் கடைக்கு வந்த பைனாகுலர்கள் கலிலியோ பாணி: நேரான இரண்டு குழாய், உள்ளே பிரிசம் (ஒளியைத் திருப்பிவிடுகிற கண்ணாடிக் கட்டி) கிடையாது, மூன்று நான்கு மடங்குக்கு மேல் ஏறினாலே காட்சி ஊசித்துளை போலக் குறுகிவிடும். பிரிசத்தை வைத்துப் படத்தை நிமிர்த்துகிற முறைக்கு இத்தாலிக்காரர் இக்னாசியோ போரோ 1854இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அதற்கேற்ற கண்ணாடி வேண்டுமே. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் அபேயும் ஷாட்டும் அதை உருவாக்கிய பிறகு, 1894இல்தான் கார்ல் ஜெய்ஸ் கம்பெனி பிரிசம் பைனாகுலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆகவே நேர்க்குழாய் உடம்பில் '10×50' என்று எழுதியிருந்தாலே அது பொய். அப்புறம் இன்னொன்று, நிஜமான பழைய ஜெய்ஸோ ராஸோ இப்படிப் பொன்னாக மின்னாது, கறுப்பு பெயின்ட்டும் கறுப்புத் தோல் உறையுமாகத்தான் இருக்கும். பித்தளை தெரிகிறது என்றால் கைபட்டுக் கைபட்டு பெயின்ட் தேய்ந்த விளிம்புகளில் மட்டும்தான் தெரியும்.

கேள்வி: பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் 'ஜெனாப்டெம் 8×30 டபிள்யூ' ஒன்று வாங்கினேன். முத்திரையில் கார்ல் ஜெய்ஸ் என்றே இல்லை, 'ஆஸ் ஜெனா' என்று மட்டும் இருக்கிறது, அப்புறம் 'டி.டி.ஆர்.' என்று. ஏமாந்துவிட்டேனா? (வாசகர், குரோம்பேட்டை)

பதில்: ஏமாறவில்லை, சொல்லப்போனால் அந்த 'ஆஸ் ஜெனா' (ஜெர்மனில் 'ஜெனாவிலிருந்து')தான் உங்களுக்குச் சாதகமான சாட்சி. போலி அடிக்கிறவன் கார்ல் ஜெய்ஸ் என்று முழுசாகப் போட்டுக்கொள்வானே தவிர, யாருக்கும் புரியாத இந்தப் பெயரை ஏன் போடப் போகிறான்?

கதை இது. 1945இல், ஜெய்ஸ் தொழிற்சாலை இருந்த ஜெர்மனியின் ஜெனா நகரம் முதலில் அமெரிக்கப் படையின் கைக்கு வந்தது. ஒப்பந்தப்படி அதை சோவியத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்போது ஜெய்ஸின் நிர்வாகிகளையும் விஞ்ஞானிகளையும் அமெரிக்கர்கள் மேற்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அவர்கள் ஓபர்கோகன் என்ற சிற்றூரில் இன்னொரு ஜெய்ஸைத் தொடங்கினார்கள். பின்னால் வந்த சோவியத்காரர்கள் ஜெனா தொழிற்சாலையின் இயந்திரங்களில் பெரும்பகுதியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். இத்தனைக்கும் பிறகு ஜெனா மறுபடி எழுந்து தயாரிப்பைத் தொடங்கியது. ஒரு பெயர், இரண்டு வாரிசு. வருடக்கணக்கில் பல நாட்டுக் கோர்ட்டுகளில் வழக்கு நடந்து 1971இல் லண்டனில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். ஜெய்ஸ் பெயரைப் போட முடியாத சந்தைகளுக்குக் கிழக்கு ஜெர்மனி அனுப்பியவைதான் 'ஆஸ் ஜெனா'. 'டி.டி.ஆர்.' என்பது அந்த நாட்டின் ஜெர்மன் பெயர்ச் சுருக்கம்.

உங்கள் ஜெனாப்டெம், 1920இல் வந்த டெல்ட்ரின்டெம் என்ற புகழ்பெற்ற 8×30இன் வழிவந்தது. பார்வைப் பரப்பு எட்டரை டிகிரி, ஆயிரம் மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 150 மீட்டர் அகலம் தெரியும். பறக்கிற பஞ்சுருட்டானைத் தொடர இந்த அகலம் எவ்வளவு வசதி என்பது பார்த்தால்தான் புரியும். பக்கத்தில் 'மல்டி-கோட்டட்' (லென்ஸில் பல அடுக்குப் பூச்சு) என்று சிவப்பிலோ வெள்ளையிலோ எழுதியிருந்தால் எழுபதுகளின் கடைசிக்குப் பிந்தியது, இன்னும் நல்லது. முன் லென்ஸ் மாணிக்கச் சிவப்பாக ஜொலித்தால் மட்டும் உஷார். ஜெனா அப்படி ஒரு பூச்சு போட்டதே இல்லை, அது மலிவு பைனாகுலருக்குப் பெரிய பெயரைச் சூட்டுகிற வேலை.

கேள்வி: எல்லாமே ரஷ்ய எழுத்தில் இருக்கிற ஒன்று வீட்டில் இருக்கிறது. எந்த வருடம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: இதுதான் இருப்பதிலேயே சுலபம். வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம்தான் வருடம். 78இல் தொடங்கினால் 1978. பெரும்பாலும் கசான் அல்லது ஜாகோர்ஸ்க் தொழிற்சாலையாக இருக்கும். ஏற்றுமதிக்குப் போனவற்றில் 'டென்டோ' என்று ஆங்கிலத்திலேயே இருக்கும். காட்சி லேசாக மஞ்சளடிக்கும், அது கோளாறு இல்லை. மங்கலான வெளிச்சத்தில் பறவையின் உருவம் பளிச்சென்று பிரிந்து தெரியும், ஆனால் இறகு நிறத்தைப் பற்றி வாக்குவாதம் வந்தால் இதை நம்பிப் பந்தயம் கட்டாதீர்கள்.

கேள்வி: கேள்விப்படாத பெயரில் ஒரு ஜப்பான் பைனாகுலர். கீலுக்குப் பக்கத்தில் 'ஜே.பி.' என்றும் 'ஜே.இ.' என்றும் எண்களோடு இருக்கிறது. இது கம்பெனிப் பெயரா? (வாசகர், திருச்சி)

பதில்: தயாரித்தவரின் குறியீடு. ஜே.பி. எண் பாகங்களைச் சேர்த்து முடித்தவருக்கு, ஜே.இ. எண் உடம்பைச் செய்தவருக்கு. போருக்குப் பிறகு ஜப்பானில் சின்னச் சின்னப் பட்டறைகள் செய்து கொடுக்க, அமெரிக்க, ஐரோப்பிய இறக்குமதியாளர்கள் ஆளுக்கொரு பெயரைப் போட்டு விற்றார்கள். அதனால் ஜப்பான் பைனாகுலரில் மேலே இருக்கிற பெயரை விடக் கீழே இருக்கிற எண்தான் அதிகம் பேசும். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் 1952க்கு முந்தியது.

பறவைக்காரர்கள் தேடி வாங்குகிற ஜப்பான் பழசு ஒன்று உண்டு: ஸ்விஃப்ட் ஆடுபான் 8.5×44. அமெரிக்காவில் பறவை பார்க்கிறவர்களை மனதில் வைத்தே விற்றது, செய்தது ஹியோஷி என்ற ஜப்பான் கம்பெனி. கனம் கழுத்தை வலிக்க வைக்கும், ஆனால் அந்தக் காட்சிக்காக வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

கேள்வி: கடையில் நின்றபடியே நல்லதா கெட்டதா என்று பார்க்க வழி சொல்லுங்கள். (வாசகர், மதுரை)

பதில்: முன் லென்ஸில் டியூப்லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். பிம்பம் வெள்ளையாகவே தெரிந்தால் பூச்சு இல்லை. நீலமோ ஊதாவோ என்றால் ஒற்றைப் பூச்சு. பச்சையும் ஊதாவும் கலந்து மங்கலாகத் தெரிந்தால் பல அடுக்கு. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் நூற்றுக்கு நாலைந்து பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், பைனாகுலருக்குள் அப்படிப் பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே போய்விடும். இதைத் தடுக்கிற பூச்சை ஜெய்ஸின் அலெக்சாண்டர் ஸ்மகூலா 1935இல் கண்டுபிடித்தார், முதலில் சில வருடங்கள் அது ராணுவ ரகசியம்.

அடுத்து, கை நீட்டிப் பிடித்து வெளிச்சத்தை நோக்கிக் காட்டுங்கள். கண்வைக்கும் பக்கம் தெரிகிற ஒளிப்புள்ளி முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் சதுரமாக வெட்டுப்பட்டு சாம்பல் பூத்திருந்தால் பிரிசம் மட்ட ரகக் கண்ணாடி. பிறகு தெருவில் தூரத்து மின்கம்பியைப் பாருங்கள். கம்பி இரண்டாகத் தெரிந்தாலோ, ரெண்டு நிமிஷத்தில் கண்ணை இழுத்தாலோ, எப்போதோ கீழே விழுந்து பிரிசம் நகர்ந்திருக்கிறது. சரி செய்யத் தெரிந்த ஆள் உங்கள் ஊரில் இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: நான் கண்ணாடி போடுகிறவன். பழசு எனக்கு ஒத்துவருமா? (வாசகர், ஈரோடு)

பதில்: பெரும்பாலும் கஷ்டம், கண்ணை லென்ஸோடு ஒட்ட வைத்தால்தான் முழு வட்டமும் தெரியும். மேற்கு ஜெர்மனி ஜெய்ஸில் எண்ணுக்குப் பக்கத்தில் 'பி' என்ற எழுத்து இருந்தால் அது கண்ணாடிக்காரர்களுக்காகவே செய்தது, தேடுங்கள். வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

கேள்வி: லென்ஸுக்குள் நூல் நூலாகக் கிளை விட்ட மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. துடைத்தால் போகவில்லை. (வாசகி, நாகர்கோவில்)

பதில்: பூஞ்சை, அதுவும் உள்பக்கம். உங்கள் ஊர்க் கடல்காற்றுக்கு அது பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். வெளியிலிருந்து என்ன செய்தாலும் போகாது, கழற்றித்தான் துடைக்க வேண்டும். தள்ளிப்போட்டால் பூச்சையும் கண்ணாடியையும் அரித்துத் தடம் விட்டுவிடும், அப்புறம் துடைத்தும் பயனில்லை. சுத்தம் செய்து வந்ததும் பழைய தோல் உறைக்குள் மட்டும் திரும்ப வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், நிறம் மாறுகிற வகை ஜெல் வாங்கினால் எப்போது காயவைப்பது என்று அதுவே காட்டிவிடும்.