நாத்தனார் வீட்டுச் சாவியும் மும்பைச் சுற்றுலாவும்

கேள்வி: மும்பை மாதுங்காவில் இருக்கும் என் நாத்தனார் குடும்பம் டிசம்பரில் மூன்று வாரம் வெளிநாடு போகிறது. வீட்டையும் ஒரு பூனையையும் பால்கனிச் செடிகளையும் நானும், கல்லூரி முடித்த என் மகளும் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறோம். மும்பை எங்களுக்குப் புதிது. ஊரைப் பார்க்க ஆசை. வீட்டை விட்டு நெடுநேரம் விலகியிருக்கப் பயம். எப்படித் திட்டமிடுவது? — திருநெல்வேலி வாசகி

பதில்: உங்களுக்குச் சாதகமான ஒரு செய்தி. பூனைக்குச் சோறு வைக்கும் நேரமும் லோக்கல் ரயிலில் ஏறக்கூடாத நேரமும் மும்பையில் ஏறக்குறைய ஒன்றுதான். காலை எட்டு முதல் பதினொன்று வரை ரயில்கள் தெற்கு நோக்கி நிரம்பி வழியும்; மாலை ஐந்தரை முதல் எட்டரை வரை அதே கூட்டம் வடக்கே திரும்பும். மாதுங்காவிலிருந்து பதினொன்றுக்குக் கிளம்பி நாலரைக்குள் வீடு சேருங்கள். பூனையும் பட்டினி கிடக்காது, நீங்களும் நசுங்க மாட்டீர்கள். மூன்று நாளில் மொத்த ஊரையும் பார்த்துவிட ஓடும் சுற்றுலாப் பயணியின் பட்டியல் உங்களுக்கு வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே இடம், அதுவும் அரை நாள்.

முதல் இரண்டு நாள் எங்கும் தூரமாகப் போகாதீர்கள். புது ஆட்களைக் கண்டதும் பூனை கட்டிலுக்கு அடியில் பதுங்கும், சாப்பாட்டைத் தொடாது. அது இயல்பு. ஆனால் ஒரு முழு நாள் எதுவும் சாப்பிடாவிட்டால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். பூனை தொடர்ந்து பட்டினி கிடந்தால் ஈரல் பாதிக்கப்படும். அருகில் பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெடிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் எண்ணையும், செலவு யாருடையது என்பதையும் கிளம்புவதற்கு முன்பே நாத்தனாரிடம் கேட்டுவிடுங்கள். உறவு என்பதால் கூச்சமாக இருக்கும். கேட்காமல் விட்டால் பின்னால் வரும் மனத்தாங்கல் அதைவிடச் சங்கடம்.

அந்த இரண்டு நாளுக்கு மாதுங்காவே போதும். 1896-இல் பரவிய பிளேக் நோய்க்குப் பிறகு, நெரிசலைக் குறைக்க நகர மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்டு அமைத்த பகுதிகளில் இதுவும் ஒன்று. அகலமான சாலைகள், நிழல் மரங்கள். பிற்பாடு தமிழ்க் குடும்பங்கள் திரளாகக் குடியேறியதால் பூக்கடையில் மல்லிகைச் சரம், வாழையிலை, காப்பிப் பொடி எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும். 1942 முதல் நடக்கும் ராமா நாயக் உணவகத்தில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுங்கள். மாலையில் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் நடக்கலாம்.

வீட்டைப் பொறுத்தவரை மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். மும்பை அடுக்ககங்களில் பல கதவுகள் இழுத்தவுடன் தாமாகப் பூட்டிக்கொள்ளும். குப்பை வைக்க வாசலுக்குப் போனாலும் சாவி கையில் இருக்கட்டும். ஒரு மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும். அடுத்தது தண்ணீர். பல கட்டடங்களில் குறிப்பிட்ட நேரத்தில்தான் வரும். வராத நேரத்தில் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே வெளியே போனவர்கள், திரும்பி வரும்போது வீடே குளமாகியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது செடிகள்: விடியற்காலையில் அளவாக ஊற்றுங்கள். தொட்டியிலிருந்து வழியும் நீர் கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட துணியில் சொட்டினால், நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அந்தச் சண்டை நடக்கும். பூங்கொத்து வாங்கி வீட்டை அலங்கரிக்கத் தோன்றினால் லில்லி மட்டும் வேண்டாம், பூனைக்கு அது நஞ்சு.

நாத்தனாரே குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு உங்கள் பெயர்களையும் தேதிகளையும் எழுதி அனுப்பிவிட்டால் காவலாளியிடம் தினமும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

இனி ஊர். சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்துக்கு மாதுங்காவிலிருந்தே மெதுரயில் உண்டு. விரைவு ரயில் இங்கே நிற்காது, அதற்குத் தாதர் போக வேண்டும். பெண்கள் பெட்டியில் ஏறுங்கள். முனையமே பார்க்க வேண்டிய இடம்தான். 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கிருந்து ஓவல் மைதானத்துக்கு நடந்து போய்விடலாம். மைதானத்தின் நடுவில் நின்றால் கிழக்கே உயர்நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரமுமாக விக்டோரியா காலத்துக் கல் கட்டடங்கள். மேற்கே 1930-களின் ஆர்ட் டெகோ பாணி அடுக்ககங்கள். இந்த நேருக்கு நேர் நிற்றலுக்காகத்தான் 2018-இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியையும் சேர்த்தது. என் கணிப்பில் மும்பையில் காசு கொடுக்காமல் பார்க்கக்கூடிய மிகச் சிறந்த காட்சி இதுதான். நடிகர்களின் வீட்டு வாசல்களைக் காட்டும் சுற்றுலாவுக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு வேளை நன்றாகச் சாப்பிடலாம்.

திரும்பும்போது நேரமாகிவிட்டால், 2025-இல் கஃப் பரேடு வரை முழுமையாகத் திறக்கப்பட்ட மூன்றாவது மெட்ரோ வழி கைகொடுக்கும். ஹுதாத்மா சௌக்கில் ஏறித் தாதரில் இறங்கி டாக்ஸி பிடியுங்கள். ஆட்டோவைத் தேடாதீர்கள்; சயனுக்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி இல்லை.

எலிஃபன்டா குகைகளுக்கு மட்டும் காலையிலேயே கிளம்ப வேண்டும். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். காலைக் கூட்டத்துக்கு முன்பே டாக்ஸியில் போய் முதல் படகுகளில் ஒன்றைப் பிடித்தால் பூனையின் மாலைச் சோறு தவறாது. கிட்டத்தட்ட ஆறு மீட்டர் உயர மும்முகச் சிவனின் முன்னால் கொஞ்சம் உட்காருங்கள். படம் எடுத்துவிட்டு ஓடுபவர்கள்தான் அங்கே அதிகம். திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம்.

காலையிலேயே ரயிலில் கிளம்ப விரும்பினால் எதிர்த்திசையில் போங்கள். தாதரிலிருந்து போரிவலிக்குச் செல்லும் ரயில்களில் அந்த நேரத்தில் ஓரளவு இடம் இருக்கும், மாலையில் திரும்பும்போதும் அப்படியே. அங்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் கன்ஹேரியில் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள் இருக்கின்றன. துறவிகள் மழைநீரைச் சேமிக்கப் பாறையில் வெட்டிய தொட்டிகளைக் கவனியுங்கள். பூங்காவுக்கும் திங்கள் விடுமுறை. பைகுல்லா பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்துக்குப் புதன் விடுமுறை.

ஞாயிறு பகலில் தண்டவாளப் பராமரிப்புக்காக ‘மெகா பிளாக்’ என்று ரயில்களைக் குறைத்துவிடுவார்கள். ஆனால் அன்று சாலைகள் காலியாக இருக்கும், தென் மும்பையின் ஃபோர்ட் பகுதிக்கு டாக்ஸியில் போக அதைவிட நல்ல நாள் இல்லை. தாதர் பூச்சந்தையை ஏதாவது ஒரு நாள் விடியற்காலையில் பாருங்கள். ஒரே நிலையம் தள்ளித்தான். பூனை கண் விழித்துக் கத்துவதற்குள் திரும்பிவிடலாம்.

எடுக்கும் படங்களை ஊர் திரும்பிய பிறகு பகிருங்கள். வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், காவலுக்கு இருப்பவர்களும் வெளியே போயிருக்கிறார்கள் என்று ஊருக்கு அறிவிக்க வேண்டியதில்லை. லோனாவாலா போன்ற இடங்களில் ஓரிரவு தங்கும் யோசனையையும் இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

திரும்பும் டிக்கெட்டை அவர்கள் விமானம் இறங்கும் நாளுக்குப் போடாதீர்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ போடுங்கள். தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு நேரடியாகப் போகும் சாளுக்கியா எக்ஸ்பிரஸ் தினசரி ரயில் அல்ல, அதனால் முதலில் அதன் நாட்களைப் பார்த்துக்கொண்டு பிறகு திரும்பும் தேதியைச் சொல்லுங்கள்.