ஒளியின் அதிர்வெண்ணை எப்படி எண்ணுகிறார்கள்?

கேள்வி: நொடிக்கு நூற்றுக்கணக்கான லட்சம் கோடி முறை அதிரும் ஒளியை எந்தக் கருவியால் எண்ண முடியும்?

நேரடியாக எண்ண எந்தக் கருவியாலும் முடியாது. சிவப்பு ஹீலியம்-நியான் லேசர் நொடிக்குச் சுமார் 474 லட்சம் கோடி முறை அதிர்கிறது. மின்னணுக் கருவிகளோ சில ஆயிரம் கோடியிலேயே மூச்சு வாங்கிவிடும். ஆனால் பள்ளியில் இரண்டு இசைக்கவைகளைத் தட்டி, ஒலி கூடிக் குறையும் விம்மலைக் கேட்டிருப்பீர்களே, அதே வித்தை இங்கும் உண்டு. அதிர்வெண் தெரிந்த இன்னொரு ஒளியோடு கலந்தால், வித்தியாசம் மட்டும் எண்ணக்கூடிய விம்மலாக வந்துவிடும்.

அந்தத் தெரிந்த ஒளிக்குத்தான் முன்பு பெரும்பாடு. நொடியை வரையறுக்கும் சீசியம் அணுக் கடிகாரத்தில் தொடங்கிப் படிப்படியாகப் பெருக்கி ஒளி வரை ஏற வேண்டும். அறை நிறையக் கருவிகள் வேண்டும். 2000-ஐ ஒட்டி அதிர்வெண் சீப்பு வந்ததும் அந்த வேலையெல்லாம் ஒரு மேசைக்குள் அடங்கியது. அதற்காக இயற்பியலாளர்கள் ஜான் ஹாலும் தியோடர் ஹென்ஷும் 2005 இயற்பியல் நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சீராகத் துடிக்கும் லேசரின் நிறமாலையைப் பிரித்துப் பார்த்தால் சம இடைவெளியில் லட்சக்கணக்கான கோடுகள், சீப்பின் பற்களைப் போல. அதுதான் அதிர்வெண் சீப்பு. இடைவெளி என்பது துடிப்பு வீதமேதான், அதை எளிதாக எண்ணலாம். சிக்கல் என்னவென்றால், பற்களின் வரிசை சரியாகப் பூஜ்யத்திலிருந்து தொடங்காது, கொஞ்சம் நழுவியிருக்கும். அந்த நழுவலைப் பிடிக்கும் வழிதான் எனக்கு மிகப் பிடித்தது. சிவப்பு முனைப் பல் ஒன்றைப் படிகத்தில் செலுத்தி அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் நழுவலும் இரட்டிப்பாகிறது. நீல முனையில் அதே இடத்துக்கு அருகில் இருக்கும் பல்லில் நழுவல் ஒரு மடங்குதான். இரண்டையும் கலந்தால் விம்மலாக வருவது நழுவலேதான்! இதற்குச் சீப்பு ஒரு முனைக்கு மறுமுனை இரட்டிப்பாகும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். அப்படி அகலமாக்குவது மயிரிழை போன்ற ஒரு கண்ணாடி இழை. அதில் சிவப்பு நுழைந்து மறுபக்கம் வானவில்லாக வழிவதை முதல்முறை பார்த்தபோது வேலையை மறந்து நின்றுவிட்டேன்.

அப்புறம்தான் நான் சறுக்கிய இடம். எங்கள் சீப்பின் இடைவெளி 20 கோடி ஹெர்ட்ஸ். ஆக, அளக்க வேண்டிய லேசர் 23 லட்சத்துக்கு மேற்பட்ட எண்ணுள்ள ஒரு பல்லின் பக்கத்தில் நிற்கிறது. எந்தப் பல் என்பதை அலைநீளமானி சொல்லிவிடும். விம்மல் 3 கோடி ஹெர்ட்ஸ். லேசர் பல்லுக்கு மேலே நிற்கிறதா, கீழேயா? மேலே என்று நானாக வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க அளந்தேன். உண்மையில் கீழே. 6 கோடி ஹெர்ட்ஸ் பிழை!

சோதிப்பது என்னவோ ஒரு நிமிட வேலைதான். துடிப்பு வீதத்தை ஒரே ஒரு ஹெர்ட்ஸ் கூட்டினால், பல் 23 லட்சம் ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறும். விம்மல் குறைந்தால் லேசர் மேலே, கூடினால் கீழே. இப்போதெல்லாம் அதைத் திரையில் பார்த்த பிறகுதான் நோட்டில் தேதியையே எழுதுகிறேன்.