பூனை சினையாக இருக்குமோ என்ற ஐயத்தோடு கருத்தடை: கேள்வி பதில்

கேள்வி: ஒன்பது மாதப் பெட்டைப் பூனை மூன்று வாரங்களுக்கு முன் இரண்டு நாள் காணாமல் போய்த் திரும்பியது. அடுத்த வாரம் கருத்தடை அறுவை சிகிச்சை. சினையாக இருந்தால் தள்ளிவைக்க வேண்டுமா?

பதில்: நாளைத் தள்ளாதீர்கள், ஐயத்தை மட்டும் மருத்துவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். பூனைக்கு இணைசேர்க்கையே கருமுட்டையை வெளிவரச் செய்வதால், பருவத்தில் வெளியே சென்று வந்த பெட்டை சினையாகியிருக்கும் என்றே நான் கருதுவேன். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்கள். முலைக்காம்புகள் சிவந்து புடைப்பதும் ஸ்கேனில் கரு தெரிவதும் மூன்றாம் வாரத்தையொட்டித்தான். குட்டிகளின் எலும்புகள் எக்ஸ்ரேயில் தெரிய 40 நாள்களாவது ஆகும். சினையின் தொடக்கத்தில் செய்யும் கருத்தடை, வழக்கமான அறுவை சிகிச்சையிலிருந்து பெரிதும் வேறுபடாது. நாள் ஏற ஏறக் கருப்பை பெருத்து, இரத்தக் குழாய்கள் தடித்து, கீறலும் மயக்க நேரமும் நீண்டு, இரத்த இழப்பின் ஆபத்தும் கூடும். கருப்பையோடு கருக்களும் நீங்கும் என்பதை வீட்டில் அனைவரும் பேசி முடிவெடுத்து வாருங்கள். வயிற்றைத் திறந்த பிறகு தொலைபேசியில் உரிமையாளரின் முடிவைக் கேட்க நேர்ந்தபோதெல்லாம் அவர்கள் தவித்ததைக் கண்டிருக்கிறேன். அதுவரை பூனை கதவுக்குள்ளேயே இருக்கட்டும்.

கேள்வி: என் பூனை மறுபடியும் பருவத்துக்கு வந்து கத்துகிறது. அப்படியானால் சினை இல்லைதானே?

பதில்: உறுதியில்லை. சில பூனைகள் சினையாக இருக்கும்போதும் அவ்வாறு கத்தும். கதவை மூடி வையுங்கள்.

கேள்வி: மனிதர்களுக்கான சிறுநீர்ச் சோதனைப் பட்டையைப் பயன்படுத்தலாமா?

பதில்: பயனில்லை. அது கண்டறியும் ஹார்மோன் பூனைக்குச் சுரப்பதில்லை.

கேள்வி: ஒரு முறையாவது ஈன்ற பிறகே கருத்தடை செய்ய வேண்டும் என்கிறார்களே?

பதில்: ஈனுவதால் பூனையின் உடல்நலத்துக்கு எந்த நன்மையும் இல்லை. முதல் ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்தால் மடிப் புற்றுநோயின் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

கேள்வி: ஆயினும் வயிற்றிலுள்ள குட்டிகளை அழிப்பது கொலையல்லவா? மருத்துவரே இதைப் பரிந்துரைக்கலாமா?

பதில்: இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். வயிற்றிலுள்ள குட்டிகள் முழு வளர்ச்சியடைந்து, இன்றோ நாளையோ ஈனப்போகும் பூனையென்றால், தாய்க்கு ஆபத்து இல்லாதவரை ஈனவிடுவதையே நானும் விரும்புவேன். ஆனால் எல்லாக் குட்டிகளுக்கும் வீடு கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் மட்டுமே அந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெருவில் விடப்பட்ட குட்டிகள் பசியாலும் நோயாலும் சாவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

கேள்வி: வீடுகளை நான் ஏற்பாடு செய்துவிட்டேன். ஈன்ற பின் எப்போது கருத்தடை செய்யலாம்?

பதில்: மகிழ்ச்சி. குட்டிகள் எட்டாம் வாரத்தில் பால் மறந்தபின், மடி வற்ற ஏறத்தாழ இரண்டு வாரம் விட்டுச் செய்யுங்கள். பாலூட்டும்போதே மீண்டும் சினையாகக்கூடும் என்பதால், கதவு விஷயத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

கேள்வி: கருவைக் கலைக்க மாத்திரை உண்டா?

பதில்: வீட்டில் எதையும் கொடுக்காதீர்கள். பருவத்தைத் தடுக்கும் ஹார்மோன் மாத்திரைகளால் கருப்பையில் சீழ் பிடித்த பூனைகளுக்கு நான் அறுவை சிகிச்சை செய்திருக்கிறேன்.

கேள்வி: என் பூனையும் மூன்று வாரத்துக்கு முன் வெளியே போய்விட்டது. என்ன செய்யலாம்?

பதில்: முதல் பதிலை முழுமையாகப் படியுங்கள்; இன்றே மருத்துவரை அழையுங்கள்.