தொண்டனும் சீட்டு விழுந்தவனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாடகத் துறையில் ஆய்வு மாணவி நான். 1859-60இல் ஸ்பெயின் மொராக்கோவுடன் நடத்திய போரை ஒட்டி, பார்சிலோனாவில் கத்தலான் மொழியில் (ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியின் மொழி) வந்த சிறு நாடகங்களைப் பற்றி எழுதுகிறேன். இளைஞர்கள் போருக்குக் கிளம்புவதுதான் கதை. இவற்றைக் கத்தலான் விடுதலை உணர்வின் தொடக்கம் என்று கொள்ளலாமா? இலக்கிய மதிப்பு உண்டா? துறை விழாவில் ஒரு விடைபெறும் காட்சியை மேடையேற்ற நினைக்கிறோம். கிண்டலாகச் செய்தால்தான் எடுபடும் என்கிறார்கள் நண்பர்கள். உடைக்கு எதைப் பார்ப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

இலக்கிய மதிப்பை விடுங்கள். செய்தி வந்த சூட்டோடு எழுதி, அந்தச் சூட்டோடு நடித்துவிட்டுப் போனவை அவை.

விடுதலை உணர்வு என்ற சொல்லைக் கட்டுரையிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். இன்றைய அரசியலை 1859இல் கொண்டுபோய் ஒட்டுவது சோம்பேறித்தனம். உங்களைப் போல மூலமொழியைத் தேடிப் போகிறவர்கள் அதைச் செய்யக் கூடாது. அந்த மேடையில் கத்தலான் பேசியவன் இரண்டாம் இசபெல் அரசிக்காகத்தான் கிளம்பினான். தன் மொழி, தன் சிவப்புத் தொப்பி, கத்தலோனியாவின் ரேயுஸ் ஊரில் பிறந்த தளபதி ஜொவான் பிரிம், இத்தனையோடும் ஸ்பெயினுக்காகச் சாவதில் அன்றைய பார்சிலோனாவுக்கு எந்த முரணும் தெரியவில்லை. திரும்பி வந்தவர்களுக்காக 1860இல் இசையமைப்பாளர் கிளாவே அமைத்த சேர்ந்திசை, அவர்களை இடைக்காலக் கூலிப்படை வீரர்களான அல்மொகவர்களின் பேரர்கள் என்று புகழ்ந்தது. தலைநகர் மத்ரித்திலிருந்த அரசு இந்த அன்பைத் திருப்பித் தரவில்லை என்பது வேறு விஷயம். முழுக்க முழுக்கக் கத்தலானில் எழுதிய நாடகத்துக்கு அனுமதி கிடையாது என்று 1867 ஜனவரியில் ஆணை வந்தது. பாத்திரங்களில் ஒருவரையாவது ஸ்பானிஷ் பேச வைத்துத்தான் தப்பித்தார்கள்.

உண்மையில் நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடிதத்தின் ஒரு வரிக்காக. 'இளைஞர்கள் போருக்குக் கிளம்புவது' என்கிறீர்கள். எந்த இளைஞர்கள்?

கத்தலான் தொண்டர் படையில், அதாவது தாமாக முன்வந்து சேர்ந்தவர்களின் படையில், ஐந்நூறு பேர்கூட இல்லை. ஆப்பிரிக்கா போன ஸ்பானியப் படையோ சுமார் 40,000. அந்தப் படையின் சிப்பாய்களில் பெரும்பாலோர் சீட்டுக் குலுக்கலில் பெயர் விழுந்து இழுத்துச் செல்லப்பட்டவர்கள். இந்த முறைக்குக் 'கின்தா' என்று பெயர். பணம் கட்டினால் தப்பலாம், அல்லது இன்னொருவனைக் காசு கொடுத்துத் தன் இடத்தில் அனுப்பலாம். ஆகவே யாருக்குச் சீட்டு விழுந்தாலும் போனவன் ஏழைதான். கத்தலோனியா இந்த முறையை மனதார வெறுத்தது, 1845இல் கலகமே செய்தது. அதே மண்ணின் மேடையில் அவனுக்கு ஏன் இடமில்லை? அவன் 'போகிறேன்' என்று சொல்ல முடியாது, 'அனுப்புகிறார்கள்' என்றுதான் சொல்ல முடியும். அதைச் சொன்ன கணத்தில், யார் அனுப்புகிறார்கள், பண்ணையார் மகன் ஏன் வீட்டில் இருக்கிறான் என்ற கேள்விகள் எழும். தொண்டன் அந்தக் கேள்விகளை அடைத்துவிடுகிறான். அவனுக்கு முடிவெடுக்கும் காட்சி உண்டு, காதலியோடு வாக்குவாதம் உண்டு, தாயின் சம்மதம் உண்டு. ஓரங்க நாடகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

தேதிகளையும் கவனியுங்கள். போர் அறிவிப்பு 1859 அக்டோபர் 22. நாடகாசிரியர் ஃபெரர் இ ஃபெர்னாந்தெஸின் 'ஆப்பிரிக்காவுக்கு, பையன்களா!' நாடகம் அதே 1859இல் வந்தது. தொண்டர்கள் கப்பலேறியதோ 1860 ஜனவரி இறுதியில். அதாவது, துறைமுகத்தில் நடப்பதற்கு முன்பே விடைபெறுதல் மேடையில் நடந்துவிட்டது. எப்படி அழுவது, எந்த இடத்தில் கைதட்டுவது என்று ஊர் முன்கூட்டியே பழகிக்கொண்டது. பிப்ரவரி 3 அன்று தொண்டர்கள் மொராக்கோவில் கரையிறங்கினார்கள், பிரிம் அவர்களிடம் கத்தலானில் உரையாற்றினார். மறுநாள் தெத்துவான் நகருக்கான போர். அவர்களின் தலைவர் விக்தொரியா சுக்ரான்யெஸ் அங்கேயே விழுந்தார், கூடவே பலர். ஆனால் மொத்தப் படையில் சண்டையைவிடக் காலராவே அதிகம் பேரைக் கொன்றது. வயிற்றுப்போக்கில் சாகிறவனுக்கு மேடையில் வசனம் கிடையாது. ஃபெரர் பின்னர் எழுதிய ஒரு நாடகத்தின் பெயர் 'இதோ திரும்புகிறார்கள்!'

பிரிமையே எடுத்துக்கொள்ளுங்கள். இசபெல் அரசியை விரட்டிய 1868 புரட்சியில் மக்கள் கேட்ட முதல் விஷயங்களில் ஒன்று கின்தா ஒழிப்பு. புரட்சியின் தலைவர்களில் ஒருவரான பிரிம் ஆட்சிக்கு வந்த பிறகும் குலுக்கல் நிற்கவில்லை. 1870 ஏப்ரலில் பார்சிலோனாவை ஒட்டிய கிராசியா ஊர் மணியடித்து எதிர்த்து நின்றது. பிரிமின் அரசு அதைப் பீரங்கியால் அடித்தது. 1860இல் தொண்டர்களுக்காக ஆர்ப்பரித்த நகரத்தின் வாசலில், பத்தே ஆண்டுகளில்! 1909 ஜூலையில் மீண்டும் மொராக்கோ, மீண்டும் அதே துறைமுகம். இம்முறை அழைக்கப்பட்டவர்களில் பலர் மனைவி மக்களோடு இருந்த முன்னாள் படையினர். தப்பிக்க விலை 1,500 பெசெத்தா. சீமாட்டிகள் வந்து புனிதப் பதக்கங்கள் கொடுத்தார்கள். சிப்பாய்கள் அவற்றைக் கடலில் வீசினார்கள். அடுத்து வந்ததுதான் பார்சிலோனா எரிந்த, 'சோக வாரம்' என்று பெயர் பெற்ற அந்த வாரம். இதை எழுதாமல் உங்கள் கட்டுரை முழுமையாகாது, எஸ். தொண்டனைப் பற்றி எழுதும் ஒவ்வொரு பக்கத்திலும் சீட்டு விழுந்தவன் எங்கே என்று கேளுங்கள்.

கிண்டல் வேண்டாம். 'செராஃபி பிதார்ரா' என்ற பெயரில் எழுதிய ஃபிரெடெரிக் சோலெர் 1860லேயே அந்தப் போர் ஆரவாரத்தைப் பகடி செய்துவிட்டார். அவருடைய பார்வையாளர்களுக்கு அசல் தெரியும். உங்கள் அரங்கில் யாருக்கும் தெரியாது. அவர்கள் சிரிப்பது அந்தப் பையனைப் பார்த்துத்தான் இருக்கும், அது அநியாயம். நேராகச் செய்யுங்கள். எதிரியை மேடைக்குக் கொண்டுவராதீர்கள்.

காட்சியின் மையமாக இடுப்புக் கச்சையை வையுங்கள். மூன்று மீட்டர் நீளம், முப்பது சென்டிமீட்டர் அகலத்தில் கனமான பருத்தித் துணி. ஒரு முனையைத் தாய் இழுத்துப் பிடிக்க, மறுமுனையை இடுப்பில் அழுத்திக்கொண்டு பையன் சுழன்றபடி அவளை நோக்கி வர வேண்டும். தாய் பிடியைத் தளர்த்தினால் கச்சை இரண்டு நிமிடத்தில் நழுவும், ஆகவே ஒத்திகையிலேயே உண்மையான இறுக்கத்தோடு பழகட்டும். சுழலும்போது வசனம் வேண்டாம், குரல் பாதி நேரம் பின்திரைக்குப் போய்விடும். ஒவ்வொரு சுற்றிலும் முகம் அரங்கைப் பார்க்கும்போது நிறுத்தி, ஒரு வரி. கடைசிச் சுற்றில் இருவருக்கும் இடையே துணி மிச்சமிருக்காது. பறை உள்ளே, திரைக்குப் பின்னால், வரிகளுக்கு இடையில் மட்டும் ஒலிக்கட்டும். தொடர்ந்து அடித்தால் தாயின் வரிகள் ஒன்றும் கேட்காது.

தொப்பி கம்பளியில் இருக்க வேண்டும். சாட்டினில் தைத்தால் கனமில்லாமல் விறைத்து நிற்கும், பக்கவாட்டில் மடிந்து விழாது. கயிற்று அடிச் செருப்பு மரமேடையில் வழுக்கும், அடியில் மெல்லிய ரப்பர் ஒட்டிவிடுங்கள்.

நேரம் இருந்தால் அதே மாலையில் கத்தலான் எழுத்தாளர் ருசின்யோலின் 'நாயகன்' நாடகத்திலிருந்து ஒரு பகுதியைப் படியுங்கள். 1903இல் பார்சிலோனாவின் ரொமேயா அரங்கில் வந்தது. பிலிப்பைன்ஸ் போரிலிருந்து பாராட்டுகளோடு திரும்பியவன் நெசவுக் குடும்பத்தில் தறியில் உட்கார மறுக்கிறான். ராணுவத்தினர் எதிர்த்ததால் அதை நிறுத்தினார்கள்.

உடைக்கு மரியா ஃபோர்துனியின் 'தெத்துவான் போர்' ஓவியத்தைப் பார்க்கச் சொல்வார்கள். பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மூன்று மீட்டர் உயரம், ஏறத்தாழ பத்து மீட்டர் அகலம், கடைசிவரை முடிக்கப்படாதது. பாருங்கள், ஆனால் அதிலிருந்து உடை தைக்காதீர்கள். அது போர்க்களம். உங்கள் காட்சியில் பையன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான். அவனுக்கு வேலைச் சட்டையும் தொப்பியும் கச்சையும் போதும்.