"டேவிஸும் போய்விடுவாரா அம்மா?"

கேள்வி: டல்லாஸுக்கு அருகே ஃபிரிஸ்கோவில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறோம். என் மகனுக்குப் பதின்மூன்று வயது. டல்லாஸ் மேவரிக்ஸ் கூடைப்பந்து அணி என்றால் உயிர். போன வருடம் லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொடுத்துவிட்டபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த வருடம், 2026-இல், பிப்ரவரி 5-ஆம் தேதியோடு அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு முடிகிறதாம். லூகாவுக்குப் பதிலாக வந்த ஆண்டனி டேவிஸும் போய்விடுவார் என்று தினம் ஒரு செய்தி வருகிறது. இவன் போர்வைக்குள் கைபேசியை வைத்துக்கொண்டு இரவு ஒரு மணி வரை விழித்திருக்கிறான். கணிதத்தில் மதிப்பெண் இறங்கிவிட்டது. "எவனோ ஒரு விளையாட்டுக்காரன் ஊர் மாறினால் உனக்கென்ன?" என்று அவன் அப்பா கத்துகிறார். கைபேசியைப் பிடுங்கிவிடலாமா?
- டெக்சாஸிலிருந்து ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இரவு ஒன்பது மணிக்கு மேல் கைபேசியை வாங்கி வைத்துவிடுங்கள். தயங்கவே வேண்டாம். ஆனால் அது தண்டனையாக இருக்கக் கூடாது. வீட்டில் எல்லாருக்கும் பொதுவான வழக்கமாக இருக்கட்டும். அவன் அப்பாவின் கைபேசியும் அதே கூடைக்குள் போகட்டும். வளர்கிற பிள்ளைக்குத் தூக்கம் கெட்டால் கணிதம் மட்டுமா கெடும்?

அதைவிட எனக்கு உறுத்துவது "உனக்கென்ன" என்ற அந்தச் சொல்தான். அது உங்கள் வீட்டில் மறுபடி எழக் கூடாது.

இருபது வருடமாகச் சென்னையில் இருந்தபடி அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏ ஆட்டங்களைப் பார்த்துவருகிறேன். போன வருடம் பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. இங்கே காலை பத்தே முக்கால் இருக்கும். உங்கள் ஊரில் சனிக்கிழமை இரவு பதினொன்றைத் தாண்டியிருந்தது. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. லூகா லாஸ் ஏஞ்சலிஸின் லேக்கர்ஸ் அணிக்கு, ஆண்டனி டேவிஸ் டல்லாஸுக்கு. முதலில் எழுதியவர் இஎஸ்பிஎன் செய்தியாளர் ஷாம்ஸ் சரானியா. அவருடைய கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் படித்தேன். இருபத்தைந்து வயது வீரர். அதற்கு முந்தைய கோடையில்தான் டல்லாஸை இறுதிப்போட்டி வரை கொண்டுபோயிருந்தார். அவரையா கொடுப்பார்கள்?

அந்த மாற்றத்துக்கு முன்னால் ஒரு முணுமுணுப்புகூடக் கிடையாது. டல்லாஸின் பொது மேலாளர் நிக்கோ ஹாரிசனும் லேக்கர்ஸின் ராப் பெலின்காவும் காதும் காதும் வைத்தாற்போலப் பேசி முடித்துவிட்டார்கள். லூகாவுக்கே தெரியாது. அரங்கத்துக்கு வெளியே டர்க் நோவிட்ஸ்கியின் சிலையடியில் ரசிகர்கள் பூக்களை வைத்தார்கள். சவப்பெட்டி ஒன்றையே கொண்டுவந்தார்கள். நோவிட்ஸ்கி இருபத்தொரு பருவங்களும் அந்த ஒரே அணிக்கு ஆடியவர் என்பதை நினைத்தால் அவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்பது விளங்கும்.

உங்கள் மகனின் தூக்கம் அந்த இரவில்தான் பறிபோனது என்று நினைக்கிறேன். ஒரு பேச்சும் அடிபடாமலே மிகப் பெரிய இடி விழுந்ததை அவன் பார்த்துவிட்டான். அதனால் இப்போது வதந்தி வந்தாலும் பயம், ஒன்றும் வராவிட்டாலும் பயம். கைபேசியில் அவன் தேடுவது செய்தியை அல்ல. இந்த முறையாவது முன்கூட்டியே தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்று காவல் இருக்கிறான்.

எனக்கு இது அந்நியமான நிலை இல்லை. என் அப்பா வங்கியில் வேலை பார்த்தார். ஏப்ரல் பிறந்தால் "மாற்றல் வருகிறதாம்" என்ற பேச்சும் பிறந்துவிடும். தர்மபுரி என்பார் ஒருவர், தூத்துக்குடி என்பார் இன்னொருவர். ஒரு வருடம் அம்மா வடாம் மாவு கிளறவே இல்லை. பழைய புடவையைக்கூட மொட்டைமாடிக்கு எடுத்துப்போகவில்லை. "காய்ந்ததை மூட்டை கட்டவா?" என்றாள். அந்த வருடம் மாற்றல் வரவில்லை. வெயில் வீணாய்ப் போனது. அடுத்த வருடம் யாரும் வாய் திறக்கவில்லை, உத்தரவு வந்துவிட்டது. மாடியில் பாதி காய்ந்த வடாமோடு நாங்கள் கிளம்பினோம். அப்போது எனக்குப் பதினோரு வயது. அந்தக் கோடையில் யாராவது என்னை உட்காரவைத்து, "இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது தெரியுமா?" என்று விளக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதை நீங்கள் உங்கள் மகனுக்குச் செய்ய முடியும். ஒவ்வொரு வதந்தியின் பக்கத்திலும் ஒரு கேள்வியை எழுதச் சொல்லுங்கள்: இதை வெளியே சொன்னால் யாருக்கு லாபம்? வீரரின் ஏஜெண்ட் தன் ஆளுக்குப் பல அணிகள் போட்டியிடுவதுபோல் காட்ட விரும்பலாம். விற்க நினைக்கிற அணி விலையை ஏற்றப் பார்க்கலாம். வாங்க முடியாத அணி, "நாங்களும் முயன்றோம்" என்று தன் ரசிகர்களிடம் கணக்குக் காட்டலாம். செய்தியாளர் பொய் சொல்கிறார் என்பதில்லை. அவர் காதில் போட்டவருக்கு ஒரு தேவை இருந்திருக்கும். லூகா விஷயத்தில் இரண்டு பக்கமும் வெளியே சொல்வதால் நஷ்டம்தான் என்று கருதினார்கள். அதனால்தான் அத்தனை அமைதி.

அதே வாரத்தில் நடந்த மற்றவற்றையும் அவனுக்கு நினைவூட்டுங்கள். ஜிம்மி பட்லர் மயாமியை விட்டுப் போவார் என்று வாரக்கணக்கில் பேசினார்கள். போகும் இடம் ஃபீனிக்ஸ் என்றார்கள். போனது உண்மை, போன இடம் கோல்டன் ஸ்டேட் அணி. கெவின் டுராண்ட் கோல்டன் ஸ்டேட்டுக்குத் திரும்புகிறார் என்று கெடுவுக்கு முந்தைய நாள் வரை அமளி. அவர் நகரவில்லை, கோடையில்தான் ஹூஸ்டனுக்குப் போனார். மார்க் வில்லியம்ஸ் கதை இன்னும் விசித்திரம். லேக்கர்ஸுக்கு மாறிவிட்டதாக அறிவித்தே விட்டார்கள். மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை என்று கெடு முடிந்து இரண்டு நாள் கழித்து ரத்து செய்துவிட்டார்கள்.

கணிதத்தில் மதிப்பெண் இறங்கிவிட்டது என்கிறீர்களே, இதிலேயே கணக்கு இருக்கிறது. ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். இந்த 2025-26 பருவத்தில் டேவிஸின் சம்பளம் ஏறத்தாழ 5.4 கோடி டாலர். ஓர் அணி அவரை வாங்க வேண்டுமானால், அணியின் மொத்தச் சம்பளத்துக்கு என்பிஏ வைத்திருக்கும் வரம்பில் இடம் இல்லாவிட்டால், அதற்கு ஓரளவு ஈடான சம்பளத்தைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். லூகாவுக்கும் டேவிஸுக்கும் அப்போது ஆளுக்குச் சுமார் 4.3 கோடி, அதனால்தான் அது அவ்வளவு சுலபமாகப் பொருந்தியது. அந்த வரம்புக்கும் மேலே 'இரண்டாம் உச்சவரம்பு' என்று ஓர் எல்லை உண்டு, இந்தப் பருவத்தில் அது சுமார் 20.8 கோடி டாலர். சம்பளச் செலவில் அதைத் தாண்டிய அணிகள் இரண்டு மூன்று வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரே வீரருக்கு ஈடாகக் கொடுக்க முடியாது. புது வீரர்களை எடுப்பதற்கான எதிர்கால முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளை அடுத்தடுத்த இரு வருடங்களுக்கு மொத்தமாக விட்டுக்கொடுக்கவும் கூடாது. கிளீவ்லாந்து அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன் அப்படி வாரிக் கொடுத்ததால் வந்த விதி அது; இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அன்றைய வதந்திகளை அவனே சல்லடையில் போடட்டும். பாதிக்கு மேல் கூட்டல் கழித்தலிலேயே உதிர்ந்துவிடும் என்பது என் அனுபவம். மாலையில் அரை மணி நேரம் போதும், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

அவனிடம் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. அவன் விரலால் தள்ளிக்கொண்டு போகிற ஒவ்வொரு வரியிலும் ஓர் ஆள் இருக்கிறார். 2019 பிப்ரவரியில், அப்போது வேறோர் அணியில் இருந்த டேவிஸை வாங்குவதற்காக லேக்கர்ஸ் தன் இளம் வீரர்கள் எல்லாரையும் கொடுக்கத் தயார் என்று செய்தி பரவியிருந்தது. இண்டியானாவில் ஆட்டம். லேக்கர்ஸின் இருபத்தொரு வயது பிரண்டன் இங்ராம், யாரும் தடுக்காமல் பந்தெறியும் ஃப்ரீத்ரோ கோட்டில் பந்தோடு நிற்கிறார். "லெப்ரான் உன்னை விற்கப்போகிறார்" என்று, லேக்கர்ஸின் நட்சத்திர வீரர் லெப்ரான் ஜேம்ஸைச் சொல்லி, அரங்கமே ராகம் போட்டுக் கூவுகிறது. அன்று லேக்கர்ஸ் 42 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றது. மறுநாள் உங்கள் டல்லாஸ் அரங்கத்திலேயே டல்லாஸ் வீரர் ஹாரிசன் பார்ன்ஸ் ஆடிக்கொண்டிருந்தபோதே சாக்ரமெண்டோவுக்கு மாற்றப்பட்டார். அவர் எழுந்து போய்விடவில்லை. ஆட்டம் முடியும் வரை பெஞ்சிலேயே இருந்து, சற்று முன்வரை தன் அணியாக இருந்தவர்களுக்குக் கைதட்டினார். எனக்குக் கூடைப்பந்தில் மறக்க முடியாத காட்சிகளில் அது ஒன்று. உங்கள் மகனிடம் அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

உங்கள் கணவருக்கும் ஒரு வேண்டுகோள். போன வருடம் ஏப்ரல் 9 அன்று லூகா லேக்கர்ஸ் சட்டையில் டல்லாஸுக்கு வந்த ஆட்டத்தின் பதிவை மகனோடு சேர்ந்து பாருங்கள். ஆட்டத்துக்கு முன்னால் அவருடைய டல்லாஸ் நாட்களை அரங்கின் திரையில் ஓட்டினார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த லூகா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கண்ணீர் நிற்கவில்லை. பிறகு எழுந்து போய் 45 புள்ளிகள் எடுத்தார். அந்த அரங்கத்தில் அழுத பெரியவர்களையும் பாருங்கள். ஊரைவிட்டு ஊர் வந்து வளர்கிற பிள்ளை, 'இது என் ஊர்' என்று சொல்லிக்கொள்ள அந்த அணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அதைப் போய் "உனக்கென்ன" என்று கேட்கலாமா?

டேவிஸ் போவாரா, இருப்பாரா என்று ஆரூடம் சொல்ல மாட்டேன். பொது மேலாளர் நிக்கோ ஹாரிசனைப் போன நவம்பரில் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். போன ஜூனில் தேர்ந்தெடுத்த கூப்பர் ஃபிளாக்கை வைத்து அணியைப் புதிதாகக் கட்டுகிறார்கள். அதனால் டேவிஸ் போக வாய்ப்பு உண்டு என்பதை அவனிடம் மறைக்காதீர்கள். "அதெல்லாம் ஒன்றும் நடக்காது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நடந்துவிட்டால் அடுத்த முறை உங்கள் பேச்சையும் நம்ப மாட்டான்.

பிப்ரவரி 5 வியாழக்கிழமை. உங்கள் ஊர் நேரப்படி பிற்பகல் 2 மணிக்குக் கெடு முடிகிறது. கடைசி நேர ஒப்பந்தங்கள் சில அதற்குப் பிறகும் சற்றுத் தாமதமாக வெளியே வரும். அவன் அப்போது வகுப்பில் இருப்பான். டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் இந்தக் கல்வி ஆண்டிலிருந்து பள்ளி நேரத்தில் கைபேசி கூடாது என்று சட்டமே இருப்பதால் அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அன்று பள்ளிப் பேருந்தில் அனுப்பாமல் நீங்களே காரில் போய் அழைத்துக்கொள்ளுங்கள். நடந்தது எதுவானாலும் அவன் கைபேசியைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் வாயால் சொல்லுங்கள். சாப்பிட ஏதாவது எடுத்துப்போங்கள். அந்தத் தாளும் பென்சிலும்கூடக் காரிலேயே இருக்கட்டும்.