அந்த அரங்கம் யார் பணத்தில் நின்றது?

கேள்வி: 1903-இல் நியூயார்க்கில் ஆப்பரா என்ற இசை நாடக சீசனின் முதல் இரவுக்குச் சீமாட்டிகள் வைரம் ஜொலிக்க வந்ததைப் படித்தேன். நகையைக் காட்டத்தான் வந்தார்கள் என்றே இருக்கட்டும். அவர்கள் பணம் இல்லாவிட்டால் அரங்கமே இருந்திருக்காதே?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கட்டியது அவர்கள் பணம்தான். ஆனால் எதற்காகக் கட்டினார்கள்? நியூயார்க்கின் பழைய ஆப்பரா அரங்கில் பாக்ஸ்கள், அதாவது பணக்காரக் குடும்பங்களுக்கான தனித் தடுப்பு இருக்கைகள், பதினெட்டே. பரம்பரைப் பணக்காரர்கள் அவற்றை விட்டுத்தரவில்லை. உடனே வாண்டர்பில்ட் போன்ற புதுப் பணக்காரர்கள் சேர்ந்து 1883-இல் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவைக் கட்டினார்கள். லாட வடிவில் அடுக்கடுக்காக பாக்ஸ்கள். எதிரில் இருப்பவர் கழுத்தில் என்ன மின்னுகிறது என்று நன்றாகத் தெரியும். மேடைக்குப் பின்னால் செட் வைக்கத்தான் இடமில்லை. நடைபாதையில், மழையிலும் பனியிலும், சீன்கள் சாய்ந்து கிடந்தன. உச்சி மாடியில் ஓரத்தில் உட்கார்ந்தவருக்குப் பாதி மேடைகூடத் தெரியாது. பாக்ஸ்காரர்களின் பேச்சுச் சத்தம் தாங்காமல், தயவுசெய்து நிறுத்துங்கள் என்று 1891-இல் நிர்வாகமே நோட்டீஸ் ஒட்டியது.

நீங்கள் சொல்லும் இரவு 1903 நவம்பர் 23. அன்று 'ரிகோலெட்டோ' என்ற ஆப்பரா. புகழ்பெற்ற இத்தாலியப் பாடகர் கரூஸோ அந்த மேடையில் முதன்முதலாகப் பாடிய நாள். மகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பன், தன்னைக் கேலி செய்த அரண்மனை விதூஷகன் ரிகோலெட்டோவுக்குச் சாபம் கொடுப்பது முதல் காட்சியிலேயே வந்துவிடும். முழுக்கதையும் அந்தச் சாபத்தில்தான் தொங்குகிறது. அந்தக் காலத்துப் பெரிய மனுஷி திருமதி ஆஸ்டர் என்பவரோ ஆப்பரா தொடங்கிய பிறகு, ஒன்பது மணி வாக்கில்தான் அரங்குக்குள் நுழைவார். ஆப்பரா முடியும் முன்பே கிளம்பிவிடுவார். மற்றவர்களும் அதையே நாகரிகமாக எடுத்துக்கொண்டார்கள். சாபத்தைக் கேட்காதவருக்குக் கடைசியில் தன் மகளை இழந்த ரிகோலெட்டோ ஏன் அப்படிக் கதறுகிறான் என்று எப்படிப் புரியும்? இதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

உண்மையில் கேட்டவர்கள் மேலே இருந்தார்கள். பக்கத்துத் தெரு வாசல் வழியாகப் படியேறி, மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்தவர்கள், நின்றவர்கள். கரூஸோ பாடும் நாட்களில் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள் அங்கே நெருக்கியடித்து நின்றார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பாக்ஸ் சொந்தக்காரர்களுக்குக் கட்டிடம் பாரமாகிவிட்டது, கைகழுவ முடிவு செய்தார்கள். அதை வாங்க 1940-இல் பொதுமக்களிடம் பத்து லட்சம் டாலர் திரட்டினார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தந்தவர்கள் சனிக்கிழமை மதியம் வீட்டில் ரேடியோவில் ஆப்பரா கேட்டவர்கள். அவர்களில் எத்தனையோ பேர் அந்த அரங்க வாசலை மிதித்ததே இல்லை.