++ஐ, ஐ++: லூப்பில் எதைப் போடுவது?

கேள்வி: ஃபார் லூப்பில், சுற்றுகளை எண்ணும் ஐ என்ற மாறிக்கு (வேரியபிள்) ஐ++ என்று எழுதியிருந்தேன். டீம் லீட் அதை ++ஐ என்று மாற்றச் சொன்னார். இரண்டிலும் 0 முதல் 9 வரைதான் அச்சாகிறது. அப்புறம் எதற்கு மாற்ற வேண்டும், சார்?

பதில்: அந்த இடத்தில் எதைப் போட்டாலும் ஒன்றுதான். இரண்டுமே ஐ-யில் 1 கூட்டும். ++ஐ கூட்டிய பிறகுள்ள மதிப்பைத் திருப்பித் தரும், ஐ++ கூட்டுவதற்கு முன்பிருந்ததைத் தரும். ஃபார் லூப்பின் மூன்றாம் பகுதியில், அதாவது நீங்கள் ஐ++ எழுதிய இடத்தில், அந்த மதிப்பை வாங்கிக்கொள்ள யாருமில்லை. ஒவ்வொரு சுற்றும் முடிந்த பிறகே அது ஓடுவதால், ++ஐ போட்டால் 1-இல் தொடங்கிவிடுமோ என்ற பயமும் வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் வித்தியாசம் எங்கேதான் தெரியும்?

பதில்: வைல் லூப்பின் நிபந்தனையில் போட்டுப் பாருங்கள். ஐ = 0 என்று தொடங்கி, வைல் (ஐ++ < 5) என்று எழுதினால் 5-உடன் ஒப்பிடப்படுவது பழைய மதிப்பு. 0, 1, 2, 3, 4 தேறிவிடும், 5 சுற்று ஓடும். ஆனால் உள்ளே நுழைவதற்குள் ஐ ஒன்று கூடியிருக்கும், அதனால் அச்சாவது 1 முதல் 5 வரை. 5 உறுப்புகள் கொண்ட அரேயில் (வரிசைப் பட்டியலில்) இந்த ஐ-யை இன்டெக்ஸாக, அதாவது 0-இல் தொடங்கும் இட எண்ணாக, வைத்தால் முதல் உறுப்பு விட்டுப்போகும், கடைசிச் சுற்றில் அரேயைத் தாண்டிவிடும். லூப் முடிந்ததும் ஐ எவ்வளவு? பலர் 5 என்பார்கள். 6! தோற்றுப்போன கடைசி ஒப்பீடும் ஒன்றைக் கூட்டிவிட்டுத்தான் போகிறது.

வைல் (++ஐ < 5) என்றால் 4 சுற்றுதான். 1 முதல் 4 வரை அச்சாகும், வெளியே வரும்போது ஐ 5. நானாக இருந்தால் நிபந்தனைக்குள் இரண்டையுமே வைக்க மாட்டேன். கூட்டலைத் தனி வரியில் எழுதினால் இந்தக் கணக்கே தேவையில்லை.

கேள்வி: ++ஐ வேகமானது என்கிறார்களே, உண்மையா?

பதில்: சாதாரண முழு எண்ணுக்கு இல்லை. திருப்பித் தரும் மதிப்பு பயன்படாதபோது இன்றைய கம்பைலர்கள் (நாம் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்கள்) இரண்டுக்கும் ஒரே கோடைத்தான் உருவாக்கும். சி++ இட்டரேட்டர்கள் (பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்கொண்டு நகர்பவை) விஷயம் வேறு. பழைய மதிப்பைத் தர வேண்டுமென்பதால் பின்னால் வரும் ++ வழக்கமாக ஒரு நகல் எடுக்கும். சின்ன இட்டரேட்டர் என்றால் கம்பைலரே அந்த நகலை நீக்கிவிடலாம், பெரியதென்றால் செலவுதான். சி++ ஆட்கள் எங்கும் ++ஐ போடும் பழக்கம் அங்கிருந்து வந்தது. உங்கள் டீம் லீடும் அந்தப் பக்கத்து ஆளாக இருக்கலாம்.

கேள்வி: இன்டர்வியூவில் ஐ = ஐ++ கேட்டார்கள். விடை என்ன?

பதில்: ஜாவாவில் ஐ மாறவே மாறாது: கூட்டியதன் மேல் பழைய மதிப்பே திரும்ப எழுதப்படும். சி-யில் இதற்கு வரையறையே இல்லை, என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். சி++ 2017 தரத்திலிருந்து ஜாவா போலவே. வேலையில் இப்படி எழுதுபவரைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

கேள்வி: பைத்தானில் ++ஐ போட்டேன். எரரும் வரவில்லை, லூப்பும் நிற்கவில்லை.

பதில்: பைத்தானில் அந்த ஆபரேட்டரே கிடையாது. ++ஐ என்பதை அது +(+ஐ) என்று படிக்கும், மதிப்பு அப்படியே இருக்கும். ஐ++ என்று போட்டிருந்தால் எரராவது வந்திருக்கும். ஐ += 1 என்று எழுதுங்கள்.